குழந்தைகளின் கல்லீரல்: வாசகர் கேள்விகள், மருத்துவர்கள் பதில்கள்

குழந்தைகளின் கல்லீரல் நோய்களுக்கென்றே டாக்டர்களைத் தனியாகப் பயிற்றுவிப்பது பற்றி மாணவர்கள், பேராசிரியர்கள், பெற்றோர் எனப் பலர் கேட்டிருந்தார்கள். இத்துறையில் பயிற்சி அளிக்கும் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: குழந்தை மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படிக்கிறேன். கல்லீரலில் சிறப்புப் பயிற்சி எடுக்க விருப்பம். பெரியவர்களின் கல்லீரலைப் பார்க்கும் டாக்டரே குழந்தைகளையும் பார்த்துவிட முடியாதா? தனிப் பயிற்சி எதற்கு, எத்தனை வருடம் ஆகும்?

பதில்: நோய்களே வேறு. பெரியவர்களின் வார்டில் மது, கொழுப்புக் கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவைதான் பெரும்பங்கு. கைக்குழந்தைகளின் வார்டில் பிலியரி அட்ரீசியா எனப்படும் பித்தநாள அடைப்பு, பித்தநாளங்கள் குறைந்திருக்கும் அலஜில் சிண்ட்ரோம், பித்தம் சுரப்பதிலேயே கோளாறு உண்டாக்கும் மரபணு நோய்கள், பாலின் சர்க்கரையை உடல் பயன்படுத்த முடியாத கேலக்டோசீமியா, டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க முடியாத டைரோசினீமியா என்று பட்டியல் நீளும். இவற்றில் சில, காலம் தாழ்த்தாமல் கண்டுபிடித்தால் மருந்திலேயே அடங்கக்கூடியவை. தவறவிட்டால் கல்லீரலை மாற்றுவதைத் தவிர வழியிருக்காது. சிலவற்றில் குழந்தையே தங்காது.

இன்னொன்று வளர்ச்சி. குழந்தைக்குக் கல்லீரல் கெட்டால் எடை ஏறாது, எலும்பு மெலியும், மூளை வளர்ச்சி பின்தங்கும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, எடையோ மாதந்தோறும் மாறுகிறது. பெரியவர்களுக்கான பயிற்சியில் இதற்கெல்லாம் இடமில்லை.

வருடக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் 3 ஆண்டு, குழந்தைகளின் குடல்-கல்லீரல் பிரிவு 3 ஆண்டு, அதற்கு மேல் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கென்று 1 ஆண்டு. பிரிட்டனில் குடல், கல்லீரல், ஊட்டச்சத்து மூன்றும் சேர்ந்தே ஒரு சிறப்புத் துறை. சிக்கலான கல்லீரல் நோயுள்ள குழந்தைகள் லண்டன், பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய மூன்று மையங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். அபூர்வ நோய்கள் ஓரிடத்தில் குவிவதால், அங்கே பயிற்சி பெறுபவர் ஒரே வருடத்தில் பார்ப்பதை வேறிடத்தில் பத்து வருடமானாலும் பார்க்க முடியாது. எனவே பயிற்சிக்கு இடம் தேடும்போது சான்றிதழின் பெயருக்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பித்தநாள அடைப்புக் குழந்தைகள் வருகிறார்கள்? எத்தனை குழந்தைகளுக்கு மாற்று அறுவை நடக்கிறது? இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், மாற்று சிகிச்சை மையம் ஒன்றில் ஆறு மாதமாவது இருந்து வருவதற்கு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. முதலில் எதில் தேர்ச்சி பெற வேண்டும்? எண்டோஸ்கோப்பியா (குழாய்க் கேமராவால் உள்ளே பார்ப்பது), பயாப்ஸியா (கல்லீரலில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது)?

பதில்: இரண்டும் இல்லை. மஞ்சள் காமாலையோடு வரும் கைக்குழந்தையை முதல் 48 மணி நேரத்தில் எப்படிக் கையாள்வது என்பதில்தான். இத்துறையின் மற்ற திறமைகளெல்லாம் இதன்மேல்தான் கட்டப்படுகின்றன.

நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்து 14 நாளுக்கு மேலும் மஞ்சள் இருந்தால் இரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபினின் மொத்த அளவு மட்டும் போதாது, கல்லீரல் பக்குவப்படுத்திய நேரடி பிலிரூபினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் 'தாய்ப்பால் மஞ்சள், வெயிலில் காட்டுங்கள்' என்று சொல்லி அனுப்பக் கூடாது. கல்லீரலிலோ பித்தநாளத்திலோ கோளாறு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேட வேண்டும். குழந்தை கொழுகொழுவென்று இருப்பதும் நன்றாகப் பால் குடிப்பதும் ஆறுதலுக்குரிய அடையாளங்கள் அல்ல. பித்தநாள அடைப்புள்ள குழந்தை முதல் சில வாரங்களில் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது மலம். தாய் 'மஞ்சளாகத்தான் போகிறது' என்று சொல்வதை எழுதிவைத்து நகர்ந்துவிடக் கூடாது. நாப்கினை நீங்களே விரித்துப் பாருங்கள், சன்னலோரம் பகல் வெளிச்சத்தில். ஒரு குச்சியால் மலத்தைப் பிளந்து உள்நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் நிறச் சிறுநீர் மேலே ஊறி, சுண்ணாம்பு வெளுப்பான மலத்துக்கும் மஞ்சள் பூச்சு கொடுத்துவிடும். உள்ளே வெளுத்திருக்கும். தொடர்ந்து மூன்று முறை போனதைப் பார்த்துத் தேதி, நேரத்தோடு குறிப்பில் எழுத வேண்டும். கைக்குழந்தையின் சிறுநீர் நிறமற்றதாக இருக்க வேண்டும். நாப்கினில் கறை பிடித்தால் அதுவும் துப்பு. தைவானில் 2004 முதல் மல நிற அட்டையை நாடு முழுவதும் தாய்மார்களின் கையில் கொடுத்தார்கள். அதன்பின் அங்கே பித்தநாள அடைப்பு முன்கூட்டியே பிடிபடுவது கண்கூடாகக் கூடியது.

மூன்றாவது, காரணம் தெரியும் வரை காத்திராமல் வைட்டமின் கே ஊசி. பித்தம் குடலுக்கு வராவிட்டால் இந்த வைட்டமின் உடலில் சேராது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை மூளைக்குள் இரத்தக்கசிவோடு வந்து சேர்வதற்கு இதுவே காரணம். ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்து, இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை மறுபடி பார்க்க வேண்டும். இறங்கினால் வைட்டமின் குறைவு. இறங்காவிட்டால் கல்லீரலே செயலிழக்கிறது, உங்கள் அவசரம் வேறு திசைக்குத் திரும்ப வேண்டும்.

அதே நாளில் சிறுநீர்க் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை), தைராய்டு, சர்க்கரை, கார்டிசால், கேலக்டோசீமியாவுக்கான நொதி, கல்லீரல் சுரக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்ஸின் புரதத்தின் அளவும் வகையும் பார்க்க வேண்டும். இங்கே புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கேலக்டோசீமியாவுக்கான நொதிச் சோதனை சிவப்பணுக்களில் செய்யப்படுகிறது. குழந்தைக்கு இரத்தம் ஏற்றிய பிறகு மாதிரி எடுத்தால் தானம் கொடுத்தவரின் சிவப்பணுக்களைச் சோதித்து 'நார்மல்' என்று முடிவு வரும். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் சோதனையும் பாலை நிறுத்திய பின் பொய்யாக நெகட்டிவ் ஆகும். எனவே மாதிரி முதலில், இரத்தம் பிறகு. சந்தேகம் வந்ததும் முடிவுக்குக் காத்திராமல் லாக்டோஸ் உள்ள பாலை நிறுத்த வேண்டும்.

அல்ட்ராசவுண்டுக்கு முன் 4 மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் பித்தப்பை சுருங்கிக் கண்ணில் படாது, தேவையில்லாத பீதி கிளம்பும். அதேபோல், பித்தப்பை தெரிகிறது என்பதால் பித்தநாள அடைப்பு இல்லை என்றாகிவிடாது. கதிரியக்க மருந்து பித்தத்தோடு போகும் வழியைப் படமெடுக்கும் ஹைடா ஸ்கேனில், மருந்து குடலுக்கு இறங்கினால் அடைப்பு அநேகமாக இல்லை. இறங்காவிட்டால் அடைப்பு என்று நிச்சயமாகாது, கடுமையான ஹெபடைட்டிஸிலும் இறங்காது. கடைசித் தீர்ப்பு அறுவை அறையில் பித்தநாளத்துக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரேதான்.

இவ்வளவு அவசரம் எதற்கு? 1950களில் ஜப்பானின் செண்டாயில் மொரியோ கசாய், கல்லீரலின் வாயிலில் நேரடியாகக் குடலை இணைக்கும் அறுவையை உருவாக்கினார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்த அறுவையை 60 நாளுக்குள் செய்தால் பித்தம் வடியும் வாய்ப்பு அதிகம். நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் நாராகிப்போகும். சோதனைகளை ஒன்று முடிந்து ஒன்று என வரிசைப்படுத்தி மூன்று வாரத்தைக் கரைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி, வந்து சேர்ந்த முதல் நாளே அறுவை நிபுணருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் துறையில் புதிதாக ஃபெல்லோஷிப் (சிறப்புப் பயிற்சி) தொடங்கத் திட்டமிடுகிறோம். ஒருவர் எத்தனை கல்லீரல் பயாப்ஸி, எத்தனை எண்டோஸ்கோப்பி செய்திருக்க வேண்டும் என்று வரையறுப்பது?

பதில்: குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று வைக்கத்தான் வேண்டும். ஆனால் லாக்புக்கில் கையெழுத்து வாங்குவதை மட்டும் அளவுகோலாக்கினால் ஊசி குத்தத் தெரிந்தவர் கிடைப்பார், அவ்வளவுதான். எப்போது பயாப்ஸி வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரா, எடுத்த துணுக்கை எங்கே எப்படி அனுப்புவது என்று தெரிந்தவரா என்பதையும் மதிப்பிடுங்கள்.

பயாப்ஸியையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் பிளேட்லெட், ஐ.என்.ஆர்., இரத்த வகை. பிளேட்லெட் 60,000க்குக் கீழோ ஐ.என்.ஆர். 1.5க்கு மேலோ இருந்தால் தோல் வழியாகக் குத்துவதைப் பெரும்பாலான மையங்கள் தவிர்க்கும், கழுத்து இரத்தக்குழாய் வழியாகப் போவார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தாலும் அப்படியே. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையும் பெரிய இரத்தக்குழாய்களும் குறுக்கே வராத இடத்தைக் குறித்துக்கொண்டு, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்த வேண்டும். கீழ்விளிம்பை ஒட்டித்தான் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. மயக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் 'மூச்சை வெளியே விட்டுப் பிடி' என்று சொல்ல முடியாது. உதவியாளர் மூச்சைக் கவனித்து, வெளிமூச்சின் முடிவில் சைகை தர வேண்டும்.

துணுக்கு கிடைத்ததும் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது பெரிய இழப்பு. வளர்சிதைமாற்ற நோய் என்று சந்தேகம் இருந்தால் ஒரு பகுதியை உடனே உறைய வைக்க வேண்டும், ஒரு துளியை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு குளூட்டரால்டிஹைடில் வைக்க வேண்டும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு செம்பின் அளவு பார்ப்பதென்றால் செம்பு கலக்காத தனிக் குப்பி. உலர் எடையில் கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் வில்சனை நோக்கிக் கை காட்டும். பித்தம் தேங்கிய எந்தக் கல்லீரலிலும் செம்பு சேரும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நோயியல் நிபுணருக்கு அனுப்பும் படிவத்தில் குழந்தையின் வயதை நாள் கணக்கில் எழுத வேண்டும். நாலு வார வயதுக்கு முன் எடுத்த துணுக்கில் பித்தநாள அடைப்பின் அடையாளங்கள் இன்னும் தோன்றாமல் இருக்கலாம். வயது தெரிந்தால்தான் அவர் அதை எழுதுவார்.

பயாப்ஸிக்குப் பிந்தைய கண்காணிப்பைப் பயிற்சியாளர் கூடவே இருந்து கற்க வேண்டும், நர்ஸ் பொறுப்பில் விட்டு அடுத்த குழந்தைக்கு ஓடக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம். குழந்தைக்கு உள்ளே கசிந்தால் முதலில் நாடி வேகமெடுக்கும். இரத்த அழுத்தம் கடைசியில்தான் சரியும். அழுத்தம் நன்றாக இருக்கிறதே என்று காத்திருந்தால் நேரம் கைநழுவிவிடும்.

எண்டோஸ்கோப்பியில், புடைத்துக் கிழிந்த உணவுக்குழாய் இரத்தக்குழாயைக் கட்டும் வளையக் கருவி சுமார் 10 கிலோவுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையில் இறங்காது. அங்கே ஊசி மருந்து செலுத்தித்தான் இரத்தப்போக்கை நிறுத்த வேண்டும். எனவே இரண்டையும் கற்காமல் பயிற்சி முடிந்ததாகச் சொல்ல முடியாது. கைக்குழந்தையிடம் ஊசி மருந்து போடும் வாய்ப்பு அரிதாகவே வரும் என்பதால், அது வரும் இரவில் யார் டியூட்டியாக இருந்தாலும் பயிற்சியாளரை வீட்டிலிருந்து அழைப்பது என்று துறையில் விதியே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி. திடீரென்று கல்லீரல் செயலிழந்து வரும் குழந்தையைப் பார்க்கும்போது எதை எதை மறக்கக் கூடாது?

பதில்: வரையறையிலிருந்து தொடங்குங்கள். முன்பு கல்லீரல் நோய் இல்லாத குழந்தைக்கு, வைட்டமின் கே ஊசிக்குப் பிறகும் ஐ.என்.ஆர். 1.5க்கு மேலே நின்று மூளை மந்தமும் இருந்தால் அது தீவிரக் கல்லீரல் செயலிழப்பு. ஐ.என்.ஆர். 2ஐத் தொட்டுவிட்டால் மந்தம் இல்லாவிட்டாலும் அதுவேதான். கைக்குழந்தையிடம் மந்தத்தைக் கண்டறிவது கடினம். இரவு பகல் தூக்கம் தலைகீழாவது, தேற்ற முடியாத அழுகை, பாலை மறுப்பது ஆகியவையே முதல் அடையாளங்கள். 'எப்போதும் இப்படி அழுவானா?' என்று தாயிடம் கேளுங்கள். எந்த அட்டவணையைவிடவும் அந்தப் பதில் உதவும்.

சர்க்கரையை மணிக்கொருமுறை பாருங்கள். கல்லீரல் கையிருப்பு தீர்ந்த குழந்தைக்கு அது சில நிமிடங்களில் பாதாளத்துக்குப் போகும். குறைந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லிலிட்டர், பின் தொடர் சொட்டு. மூளையை மந்தமாக்கும் அம்மோனியாவுக்கான மாதிரியை, கையை அழுத்திக் கட்டாமல், தங்குதடையின்றி ஓடும் இரத்தத்தில் எடுத்து, ஐஸில் வைத்து உடனே ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாமதித்த மாதிரியில் எண் பொய்யாக ஏறும், அதை நம்பி மருந்து மாறும்.

ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்துப் பயந்து பிளாஸ்மா ஏற்றுவது வழக்கமான பிழை. இரத்தப்போக்கோ, குத்த வேண்டிய வேலையோ இல்லாதபோது ஏற்றினால் எண் அழகாகும், கல்லீரல் அப்படியேதான் இருக்கும். மாற்று அறுவையைத் தீர்மானிக்க நம்பியிருந்த ஒரே திசைகாட்டி போய்விடும். குழந்தை பதற்றமாக இருக்கிறது என்று தூக்க ஊசி போடுவதும் இப்படித்தான். மந்தம் கூடுகிறதா என்று பிறகு தெரியாது. ஆழ்ந்த மந்தத்துக்குப் போகும் குழந்தைக்கு மூச்சுக்குழாயில் டியூப் வைத்துப் பாதுகாத்த பிறகே தூக்க மருந்து. வலிப்புக்கு வால்ப்ரோயேட் வேண்டாம். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு மறைந்திருந்தால் அது உயிரையே எடுக்கும். லெவெடிராசிட்டம் போன்றதைப் பயன்படுத்துங்கள்.

விடியும்போது ஆய்வக முடிவைப் பார்த்துப் புதியவர் மகிழும் ஒரு தருணம் உண்டு: கல்லீரல் செல்கள் அழியும்போது இரத்தத்தில் கசியும் ஏ.எல்.டி. நொதி 5,000இலிருந்து 800க்கு வந்திருக்கும். பிலிரூபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டிருக்க, தடவிப் பார்த்தால் கல்லீரலின் விளிம்பு மேலே சுருங்கியிருந்தால், அழிவதற்கு இனி செல்லே மிச்சமில்லை என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். மாற்று அறுவை மையத்தை அப்போது அழைத்தால் தாமதம். குழந்தை வந்த மணி நேரத்திலேயே அழைத்துப் பேசியிருக்க வேண்டும்.

காரணம் தேடும்போது, மருந்துள்ள காரணங்கள் முதலில். பாராசிட்டமால் என்றால் என்-அசிட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமால் காரணமில்லாத குழந்தைகளுக்கு அது பயன் தரவில்லை, குறிப்பாக 2 வயதுக்குட்பட்டவர்களிடம் நிலைமை மோசமாகவே இருந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் போடும் பழக்கத்தை விட வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஹெர்பிஸ் சோதனை முடிவு வரும்வரை அசைக்ளோவிர் நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம், மூன்றாகப் பிரித்து. டைரோசினீமியாவுக்கு நிட்டிசினோன். தாயின் எதிர்ப்புப்புரதம் கருவின் கல்லீரலைத் தாக்கும் நோய்க்கு குழந்தையின் இரத்தத்தை மாற்றுவதும் இம்யூனோகுளோபுலின் கொடுப்பதும். அந்தத் தாய் அடுத்த முறை கருவுறும்போது மாதக் கணக்கில் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அடுத்த குழந்தையைக் காப்பாற்றலாம். இதைத் தாயிடம் சொல்லி எழுதிக் கொடுக்காமல் டிஸ்சார்ஜ் செய்வதும் சிகிச்சைப் பிழைதான்.

கேள்வி: நான் டயட்டீஷியன். கல்லீரல் டாக்டர்களின் பாடத்திட்டத்தில் ஊட்டச்சத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கச் சொல்வீர்கள்?

பதில்: இப்போது கொடுப்பதைவிட மிக அதிகம். மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தையின் எடை ஏறுகிறது என்று குறிப்பில் இருக்கும், கைகால்களோ குச்சியாகிக்கொண்டிருக்கும். ஏறியது வயிற்று நீரும் வீங்கிய கல்லீரல் மண்ணீரலும். மேற்கையின் சுற்றளவையும் தோல்மடிப்பின் தடிப்பையும் அளக்கக் கற்றவருக்கு மட்டுமே உண்மை தெரியும். பயிற்சியாளர் ஒரு மாதமாவது உங்களோடு டேப்பும் கையுமாக வார்டு சுற்ற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பித்தம் தேங்கிய குழந்தைக்குச் சாதாரணத் தேவையைப் போல 120 முதல் 150 சதவீதம் வரை கலோரி வேண்டும். நடுச்சங்கிலிக் கொழுப்பு பித்தமில்லாமலே உடலில் சேரும் என்பதால் கொழுப்பில் ஒரு பங்கு அதுவாக இருக்கட்டும். முழுவதும் அதுவானால் அத்தியாவசியக் கொழுப்பமிலங்கள் குறைந்துபோகும். ஏ, டி, ஈ, கே நான்கும் தனியாகக் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். 'கல்லீரல் நோய், புரதத்தைக் குறை' என்ற பழைய ஆலோசனை இன்னும் ஒழியவில்லை. வளரும் குழந்தையிடம் அது தசையை உருக்கிவிடும். வாயால் முடியாதபோது மூக்குக் குழாய் வழியாக இரவில் பால். உணவுக்குழாயில் இரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்பதற்காகக் குழாயைத் தவிர்க்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வருடத்துக்கு முன் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. செக்-அப்புக்குப் போகும்போதெல்லாம் புதுப் புது டாக்டர். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் பயிற்சியில் இருப்பவர்கள் என்கிறார்கள். இதை மாற்ற முடியாதா?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது உங்கள் சிரமம் மட்டுமில்லை, பயிற்சியிலேயே இருக்கும் ஓட்டை. கல்லீரல் நோய் வருடக் கணக்கில் நகர்வது. மாதத்துக்கு ஒரு வார்டு என்று மாறும் டாக்டர், தான் இன்று எடுத்த முடிவு ஆறு மாதத்தில் என்ன ஆனது என்பதைப் பார்ப்பதே இல்லை. நல்ல மையங்களில் பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே குறிப்பிட்ட குழந்தைகளை ஒப்படைத்து, பயிற்சி முடியும் வரை அவர்களை வாரம் ஒரு நாள் கிளினிக்கில் அவரே பார்க்க வைக்கிறார்கள். வேறு எந்த வார்டில் டியூட்டி இருந்தாலும் அந்த அரை நாள் தவறக் கூடாது. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஏற்பாடு உண்டா என்று மூத்த டாக்டரிடம் கேளுங்கள், உங்கள் மகளை ஒருவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்கட்டும்: மூல நோய், அறுவையின் தேதி, தானம் முழுக் கல்லீரலா பகுதியா, இப்போதைய மருந்தும் அளவும், உடல் புதுக் கல்லீரலை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் கடைசி மூன்று இரத்த அளவுகள், ஒவ்வாமை, போட்ட தடுப்பூசிகள். காய்ச்சலுக்கோ சளிக்கோ வெளியே வேறு டாக்டரைப் பார்க்க நேர்ந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். ரிஃபாம்பிசினும் ஃபெனிடோயினும் இறக்கிவிடும். வயிற்றுப்போக்கிலும் அளவு ஏறுவதுண்டு. உயிருள்ள தடுப்பூசி எதையும் உங்கள் மையத்தைக் கேட்காமல் போடக் கூடாது.

கேள்வி: குழந்தை மருத்துவ ஃபெல்லோவாக மாற்று அறுவைப் பிரிவில் ஒரு வருடம் இருக்கப்போகிறேன். கத்தி பிடிப்பது அறுவை நிபுணர்தானே, எனக்கு அங்கே என்ன வேலை?

பதில்: அறுவை ஒரு நாள். அதற்கு முந்தைய மாதங்களும் பிந்தைய வருடங்களும் உங்களுடையவை. ஆனாலும் அறுவையைப் புரிந்துகொள்ளாமல் பின்கவனிப்பு வராது. 1963இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் செய்த முதல் மனிதக் கல்லீரல் மாற்று, பித்தநாள அடைப்புள்ள 3 வயதுக் குழந்தைக்குத்தான். குழந்தை மேசையிலேயே இரத்தப்போக்கில் இறந்தது. பின்னாளில் பெரியவரின் கல்லீரலை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்தும் முறைகள் வந்தன. 1989இல் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் குழு, தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டது. இன்று கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவரின் இடதுபக்கத் துண்டு, அதாவது 2, 3ஆம் பிரிவுகள். துண்டின் எடை குழந்தையின் எடையில் 0.8 சதவீதத்துக்குக் கீழே போனால் போதாது. 4 சதவீதத்தைத் தாண்டினால் வயிறு மூடாது, துண்டுக்கு இரத்தம் சரியாக ஓடாது. அறுவைக்கு முந்தைய கூட்டத்தில் இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது கல்லீரல் தமனி. கைக்குழந்தையின் தமனி சில மில்லிமீட்டர்தான், கட்டி அடைத்தால் துண்டு போய்விடும். அதனால்தான் தினமும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். ஏ.எல்.டி. திடீரென ஏறினால் 'நிராகரிப்பு' என்று ஸ்டெராய்டுக்குக் கை போகும். டாப்ளர் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

டாக்ரோலிமஸ் அளவு பார்ப்பதில் நடக்கும் கோளாறு எளியது, அடிக்கடி நடப்பது. மாதிரியைக் காலை வேளை மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டார், பிறகு இரத்தம் எடுத்தார்கள் என்றால் எண் ஏறித் தெரியும், நீங்கள் அளவைக் குறைப்பீர்கள், ஒரு வாரத்தில் நிராகரிப்பு வந்து நிற்கும். இரத்தக்குழாய் வழியாக டாக்ரோலிமஸ் போகும் குழாயிலிருந்தே இரத்தம் எடுத்தாலும் இதே கதை, மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். எதிர்பாராத எண் வந்தால் அளவை மாற்றுவதற்கு முன் 'எத்தனை மணிக்கு, எங்கிருந்து எடுத்தது?' என்று கேளுங்கள்.

எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சந்திக்காத குழந்தைக்கு, அதைச் சந்தித்த பெரியவரின் கல்லீரல் வருகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கிய நிலையில் அந்த வைரஸ் லிம்ஃபோமா போன்ற நோயைக் கிளப்பலாம். எனவே வைரஸின் அளவைத் தவணை தவறாமல் பார்க்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் தடுப்பூசிகளை முடிப்பதும் உங்கள் பொறுப்பே. அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைக்குத் தட்டம்மை ஊசியை 6 மாதத்திலேயே போடலாம், அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்னதாக.

கேள்வி: மருத்துவ மாணவன் நான். ஆராய்ச்சி செய்யாமல் இத்துறையில் நிபுணராக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஆராய்ச்சியைப் படிக்கத் தெரிய வேண்டும், முக்கியமாக மரபணு அறிக்கையை. 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்ததை நோய் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவது இன்று பெருகிவரும் தவறு. அரிப்பால் தூங்காத குழந்தைகளுக்கு, பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஒடெவிக்ஸிபாட், மராலிக்ஸிபாட் ஆகியவை 2021இல்தான் அங்கீகாரம் பெற்றன. படிப்பதை நிறுத்துபவருக்கு இத்துறை இடம் தராது.

கேள்வி: நான் பொதுக் குழந்தை மருத்துவர். மூன்று வருட ஃபெல்லோஷிப் எனக்குச் சாத்தியமில்லை. மூன்று மாதம் ஒதுக்க முடியும். என்ன கற்றுக்கொள்ளலாம்?

பதில்: உங்கள் கேள்வி எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பித்தநாள அடைப்பை 60 நாளுக்குள் பிடிப்பது நீங்கள்தான், நாங்கள் இல்லை. எங்களிடம் வரும்போது குழந்தை உங்களைக் கடந்துதான் வந்திருக்கும்.

மூன்று மாதத்தில் எண்டோஸ்கோப்பி கற்க முயலாதீர்கள், கை பழகும் முன்னே நாள் முடிந்துவிடும். முதல் மாதம் கைக்குழந்தை மஞ்சள் காமாலை கிளினிக்கில் இருங்கள், மேலே சொன்ன 48 மணி நேர வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் மாதம் வார்டு: வயிற்று நீருக்கு ஊசி போட்டு எடுத்து வெள்ளணு எண்ணுவது, கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோஃபிலுக்கு (வெள்ளணுவில் ஒரு வகை) மேல் இருந்தால் கல்ச்சருக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்குவது, இரத்த வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் மருந்தைத் தொடங்கி, இரத்தத்தை அளவோடு ஏற்றிப் பத்திரமாக அனுப்புவது. ஹீமோகுளோபினை 8க்கு மேல் ஏற்ற ஆசைப்பட்டால் புடைத்த இரத்தக்குழாயில் அழுத்தம் கூடி மறுபடி உடையும். மூன்றாம் மாதம் மாற்று அறுவைக்குப் பிந்தைய கிளினிக். அந்தக் குழந்தைகள் ஊருக்குத் திரும்பி உங்களிடம்தான் காய்ச்சலோடு வருவார்கள்.

வளர்ந்த பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். 3 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் காரணம் புரியாமல் ஏ.எல்.டி. ஏறியிருந்தால் இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதமும் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பும் பாருங்கள். படிப்பில் திடீர்ச் சரிவு, கையெழுத்துக் கோணலாவது ஆகியவை வில்சன் நோயின் முதல் வெளிப்பாடாக இருக்கலாம். உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதியுங்கள், நால்வரில் ஒருவருக்கு வாய்ப்பு உண்டு. மாற்று அறுவை செய்துகொண்ட பதின்வயதினர் மருந்தை விட்டுவிடுவதுதான் பிற்காலத்தில் கல்லீரலை இழப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. டாக்ரோலிமஸ் அளவுகள் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கி, அந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்டவிலக்கம் 2ஐத் தாண்டினால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை என்று சந்தேகியுங்கள். அப்போது பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லி, பிள்ளையிடம் தனியாக, குற்றம் சாட்டாமல், 'போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?' என்று கேளுங்கள். 'விட்டுப்போச்சா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'எத்தனை' என்று கேட்டால் எண் சொல்வார்கள். அந்த எண்ணைக் குறித்து, அவர்களை அறுவை செய்த மையத்துக்கு அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.